பிரதம அதிதி யாரோடு பேசுகிறார்?

பட்டமளிப்பு விழாவில் பிரதம அதிதி ஆற்றும் உரையை ஓர் இலக்கிய வகையாக எடுத்து நிறுத்துப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் இல்லை. மேடைப் பேச்சுத்தானே, கைதட்டிவிட்டு எழும்பி வந்தால் சரி என்று விட்டுவிடுகிறோம். ஆனால் இதற்குத் தமிழில் பழைய இலக்கணமே உண்டு. தொல்காப்பியர் செய்யுளியலில் வாயுறை வாழ்த்து என்று ஒன்றைச் சொல்கிறார். வேம்பையும் கடுவையும் போல முதலில் கசந்து, பின்னால் பயன் தரும் சொல் அது. அதன் பக்கத்திலேயே செவியறிவுறூஉ வருகிறது. பெரியவர்கள் நடுவே பொங்காமல் அடங்கி நடப்பதுதான் கடமை என்று காதில் போட்டு வைப்பது அது. நமது பட்டமளிப்பு மேடைகளில் நடப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான். அடக்கம், நன்றி, நாட்டுப்பற்று, விடாமுயற்சி எல்லாம் வரும். வேம்பு மட்டும் வராது.

உரையின் தொடக்கத்தையே பாருங்கள். கௌரவ வேந்தர் அவர்களே, உபவேந்தர் அவர்களே, மூதவை உறுப்பினர்களே, பீடாதிபதிகளே, பதிவாளர் அவர்களே, பேராசிரியர்களே என்று விளிப்பு இறங்கிக்கொண்டே வரும். பட்டதாரிகள் கடைசிக்கு முந்தி வருவார்கள். பெற்றோர் கடைசி. சில வேளை அவர்கள் 'ஏனையோர்களே' என்பதற்குள் அடங்கிப் போவார்கள். இது வெறும் சம்பிரதாயம் என்று சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விளிப்பில் முன்னால் நின்றவர்களைப் பார்த்துத்தான் முழு உரையும் எழுதப்படுகிறது. மேடையில் பின்னால் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் முகம் சுளிக்கக் கூடாது என்பதுதான் அதன் முதல் நோக்கம். மண்டபத்தில் இருப்பவர்கள் அதை ஓரமாக நின்று ஒட்டுக்கேட்கிறார்கள், அவ்வளவுதான்.

ஒட்டுக்கேட்டாலும் விளங்க வேண்டுமே! 1937 பெப்ரவரியில் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் தாகூர் வங்காளத்தில் பேசினார். 1857-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. எண்பது வருடத்தில் அந்த மேடையில் பட்டமளிப்பு உரை ஆங்கிலம் அல்லாத மொழியில் ஒலித்தது அதுவே முதல் தடவை. பட்டம் எதுவும் படித்து முடிக்காத மனிதர்தான் அதைச் செய்தார். அவரை அழைத்த உபவேந்தர் சியாமா பிரசாத் முகர்ஜி, பிற்காலத்தில் ஜனசங்கத்தைத் தொடங்கியவர். அவருடைய அரசியலோடு நமக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் அந்த அழைப்பு நல்ல அழைப்பு என்று சொல்லத்தான் வேண்டும்.

நமது நாட்டில் கலைப்பீடங்களில் தமிழிலும் சிங்களத்திலும் படிக்கலாம் என்றாகி அறுபது வருடங்கள் தாண்டிவிட்டன. மூன்று நான்கு வருடம் தமிழில் விரிவுரை கேட்டு, தமிழில் பரீட்சை எழுதி, தமிழில் ஆய்வுக்கட்டுரை கொடுத்த பிள்ளைக்கு, பட்டம் வாங்கும் நாளில் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் புத்தி சொல்லப்படுகிறது. நான் தமிழ்ச் சிறப்புப் பட்டம் வாங்கிய விழாவிலும் அப்படித்தான். எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்கே தேவையில்லை. முக்கால் மணி நேர உரை. வெளியே வந்ததும் உம்மா கேட்டா, "அந்தப் பெரிய மனுசர் இவ்வளவு நேரமா என்ன மகள் பேசினாரு?" படிப்பை வைத்து முன்னுக்கு வரணும், நாட்டுக்கு உழைக்கணும் என்று சொன்னார் என்றேன். "அத நான் ஊட்டுலேயே சொன்னேன்தானே" என்றா. அந்த உரைக்கு அதைவிட நல்ல மதிப்புரையை இன்றுவரை நான் எழுதியதில்லை.

ஜும்ஆவில் குத்பாவை அறபியில் மட்டும் ஓதுவதா, சனங்களுக்கு விளங்கத் தமிழிலும் சொல்வதா என்று நமது ஊர்களில் ஒரு காலத்தில் பெரிய வாக்குவாதங்கள் நடந்தன. பள்ளிவாசலுக்குள் நாம் அந்த விஷயத்தைப் பேசி ஒரு வழிக்கு வந்துவிட்டோம். கெம்பஸ் மண்டபத்துக்குள் அந்தப் பேச்சை இன்னும் தொடங்கவே இல்லை.

சிங்களமும் தமிழும் கலந்த சபையில் பொதுமொழி வேண்டாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இதற்கு 1978 ஜூனில் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் நடந்ததைச் சொல்லலாம். சோவியத் நாட்டிலிருந்து வெளியேற்றப்பட்டிருந்த எழுத்தாளர் சோல்செனிட்சின் அங்கே பட்டமளிப்பு உரையை ருஷ்ய மொழியில் ஆற்றினார். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். அவருக்கு அடைக்கலம் கொடுத்த அமெரிக்காவைப் பாராட்டுவார் என்று காத்திருந்தவர்களிடம், மேற்குலகம் துணிவை இழந்துவிட்டது, பொருளாசையில் மூழ்கிவிட்டது என்றார். பத்திரிகைகள் அவர்மேல் பாய்ந்தன. அவர் சொன்னது எல்லாம் சரி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அழைத்தவர் வீட்டிலேயே அவர் வேம்பைப் பரிமாறினார், அதுவும் தன் சொந்த மொழியில். ஒரு மொழிபெயர்ப்பாளரை மேடையில் நிறுத்துவது அப்படியொன்றும் பெரிய செலவு இல்லை.

கசப்பான உரைகளில் முஸ்லிம் வாசகர்கள் தேடிப் படிக்க வேண்டிய ஒன்று உண்டு. 1948 ஜனவரி 24-இல் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் நேரு பேசியது அது. நாடு பிரிந்து ஐந்து மாதங்கள். பாகிஸ்தான் கோரிக்கைக்குத் தொண்டர்களைக் கொடுத்த இடம் என்று அலிகர்மேல் எல்லாருக்கும் சந்தேகம். அங்கே போய் நேரு, இந்தியாவின் பழைய மரபில் தனக்குப் பெருமை உண்டு, அது உங்களுக்கும் உரியது என்று நினைக்கிறீர்களா, அல்லது உங்களுக்குத் தொடர்பில்லாத ஒன்றாகப் பார்க்கிறீர்களா என்று நேருக்கு நேர் கேட்டார். சரியாக ஆறு நாள் கழித்து காந்தி சுடப்பட்டார்.

அந்த உரை எனக்குப் பிடிக்கும். அதில் ஒரு மனக்குறையும் உண்டு. உனக்கு இந்த மண்ணில் உரிமை உண்டா என்று நீயே சொல் என்ற கேள்வி எப்போதும் சிறுபான்மையிடம்தான் கேட்கப்படுகிறது. 2019 ஏப்ரலில் அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்த பிறகு, கொச்சிக்கடையில் குடியிருக்கும் நமக்கு அந்த வகைக் கேள்வியின் பாரம் நன்றாகவே தெரியும். ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. நேரு அந்தக் கேள்வியை முதுகுக்குப் பின்னால் கேட்கவில்லை. பிள்ளைகளைப் பெரியவர்களாக மதித்து, பதில் சொல்லக்கூடியவர்கள் என்று நம்பிக் கேட்டார். சுற்றி வளைத்த ஆயிரம் பாராட்டுகளில் இல்லாத மரியாதை அதில் இருந்தது.

மார்ஷலின் உரை வேறு ரகம். 1947 ஜூன் 5, ஹாவர்ட்டில் பட்டமளிப்பு நாள் பிற்பகல் கூட்டத்தில் அமெரிக்க இராஜாங்கச் செயலாளர் பேசியது கால் மணி நேரம்கூட இல்லை. அலங்காரமும் இல்லை. போரில் நொறுங்கிய ஐரோப்பாவுக்கு உதவ வேண்டும் என்றார். அடுத்த வருடம் அது சட்டமாகி, சுமார் 1300 கோடி டொலர் போய்ச் சேர்ந்தது. இலக்கிய நயம் தேடினால் ஒன்றும் கிடைக்காது. சொல்ல ஒரு விஷயம் இருந்தவர் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

2005-இல் ஸ்டான்போர்டில் ஸ்டீவ் ஜொப்ஸ் மூன்று கதை சொன்னதிலிருந்து எல்லா அதிதிகளும் கதை சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அவர் தன் கதையைச் சொன்னார், நமது ஆட்கள் அவருடைய கதையைச் சொல்கிறார்கள். அப்துல் கலாம் அவர்கள் வேறொரு வழி கண்டார். மாணவர்களை எழுப்பி உறுதிமொழியைத் திருப்பிச் சொல்ல வைப்பார். பிள்ளைகளை வெறுமனே கேட்டுக்கொண்டிருக்க விடாத நல்ல உத்தி அது. ஆனாலும் அதில் கேள்விக்கு இடமில்லை. ஓதிக்கொடுப்பதைத் திருப்பி ஓதும் மதரஸாப் பழக்கம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. 2015-இல் ஷில்லாங்கில் மாணவர்கள் முன்னால் பேசிக்கொண்டிருக்கும்போதே மறைந்த மனிதரின் மனசில் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. நான் பேசுவது உத்தியைப் பற்றி.

கேட்பவர்களுக்கும் வாய் உண்டு என்று காட்டிய விழா 2021 டிசம்பரில் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் நடந்தது. வேந்தர் பதவிக்கு முருத்தெட்டுவே ஆனந்த தேரரை ஜனாதிபதி நியமித்திருந்தார். 1978-ஆம் ஆண்டின் 16-ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டப்படி வேந்தரை நியமிப்பது ஜனாதிபதிதான். பட்டதாரிகள் பலர் மேடையேறினார்கள், அவர் நீட்டிய சான்றிதழை வாங்காமல் கடந்து போனார்கள். கத்தவில்லை, கல் எறியவில்லை. 2025 ஓகஸ்டில் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வாளர் ஆளுநரைத் தாண்டிப் போய் உபவேந்தரிடம் பட்டத்தை வாங்கினார். ஒரு மதகுருவை இப்படிச் செய்யலாமா என்று நம்மிலும் சிலர் வருத்தப்பட்டார்கள். துறவிக்குச் செய்த அவமரியாதையாக நான் அதைப் பார்க்கவில்லை. அரசியல் சார்பால் வந்த நியமனத்துக்கு அந்தப் பிள்ளைகள் கொடுத்த பதில் அது. அந்த மேடையில் யார் நிற்க வேண்டும் என்று அவர்களிடம் யாரும் முன்கூட்டிக் கேட்கவில்லை.

இப்போது யாழ்ப்பாணத்துக்குப் போக வேண்டும். 1980-இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் தன் முதலாவது பட்டமளிப்பு விழாவில் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்களுக்கு இலக்கிய கலாநிதிப் பட்டம் வழங்கியது. 1911-இல் வண்ணார்பண்ணையில் பிறந்து, யாழ் இந்துக் கல்லூரியில் படித்து, இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம் அவர். 1948-இல் அந்தப் பதவியை விட்டுவிட்டு கொழும்பு ஸாஹிராவுக்கு அதிபராக வந்தார். பட்டம் வழங்கப்பட்டபோது அவர் மௌத்தாகி ஏழு வருடமாகிவிட்டது. ஆகவே உரை இல்லை. இருந்திருந்தால் அந்தச் சபைக்கு அவர் என்ன சொல்லியிருப்பார் என்று அடிக்கடி யோசிப்பேன். அவர் தமிழை முஸ்லிம்களின் மொழியாக மேடைக்கு மேடை எடுத்துச் சொன்னவர், கல்முனையில் அரச அதிகாரியாக இருந்தபோது விபுலானந்த அடிகளோடு நெருங்கிப் பழகியவர். பத்து வருடம் கழித்து, 1990 ஒக்டோபரில், அவர் பிறந்த ஊரின் முஸ்லிம்கள் முழுவதையும் புலிகள் வெளியேற்றினார்கள். நமது பட்டமளிப்பு விழாக்களின் வரலாற்றில் ஆற்றப்படாமல் போன உரைகளில் எனக்கு மிகப் பெரிதாகத் தெரிவது அதுதான்.

ஒலுவிலை நான் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. யுத்தத்தில் வந்தாறுமூலையில் படிப்பைத் தொடர முடியாமல் போன முஸ்லிம் மாணவர்களுக்காக 1995 ஒக்டோபரில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996 மே மாதத்தில் முழுப் பல்கலைக்கழகமானது தென்கிழக்கு. மர்ஹூம் அஷ்ரஃப் அவர்களின் உழைப்பு. அங்கே பட்டம் வாங்கும் பெண்பிள்ளைகளில் எத்தனையோ பேர் தங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். வயலிலும் கடலிலும் உழைத்த வாப்பாமார் வேனில் வந்து இறங்குகிறார்கள். தமிழில் பேசும் உரிமைக்காக யாரோடும் மல்லுக்கட்டத் தேவையில்லாத மண்டபம் அது. அந்த மேடையிலாவது பிரதம அதிதி பெற்றோரை முதலில் விளித்து, தமிழில் பேசி, கசப்பான இரண்டு விஷயத்தைச் சொல்லலாம். இந்தப் பட்டத்தோடு எத்தனை வருடம் வேலைக்குக் காத்திருக்கப் போகிறீர்கள் என்பது ஒன்று. கலியாணம் முடிந்ததும் இந்தச் சான்றிதழை அலுமாரியில் வைத்துப் பூட்டப்போவது யார் என்பது மற்றது. கௌரவ அதிதிகளாக அமைச்சர்களைத் தேடுவதை விட்டு, இதைக் கேட்கத் துணிந்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியையை அழைத்தாலும் போதும்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் நமது நாட்டுக்காரர்களான சி.வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும். அந்தப் பல்கலைக்கழகத்தினதும் பம்பாயினதும் பட்டமளிப்பு உரைகளை கே. சுப்பராவ் என்பவர் 1892-இலேயே தொகுத்து நூலாக்கிவிட்டார். அதனால் அந்தக் காலத்து வெள்ளைக்கார நீதிபதி சொன்னதைக்கூட இன்று எடுத்துவைத்து விமர்சிக்க முடிகிறது. கொச்சிக்கடையில் எங்கள் தெரு ஸ்டூடியோவின் கண்ணாடிக்குள் மேலங்கி போட்ட பிள்ளைகளின் படங்கள் வரிசையாக நிற்கின்றன, எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும். பத்திரிகையிலும் அதிதியின் படமும் பெயரும் வரும். உரை வருவது அபூர்வம். 1980 முதல் யாழ்ப்பாணம், வந்தாறுமூலை, ஒலுவில், பேராதனை, கொழும்பு விழாக்களில் கொடுக்கப்பட்ட மலர்களும் அச்சிட்ட உரைகளும் வாசகர்கள் வீட்டு அலுமாரிகளில் கட்டாயம் கிடக்கும். பிரதி எடுத்து இந்தச் சஞ்சிகையின் முகவரிக்கு அனுப்பினால், வருடவாரியாக அடுக்கும் வேலையை நான் பொறுப்பெடுக்கிறேன். கையெழுத்துப் பிரதியாக இருந்தாலும் பரவாயில்லை.