தேய்மானமா, செல்லின் வேலையா?

கல்மண்டபம் மார்க்கெட்டில் மீன் விற்கும் அம்மாவுக்கு இருக்கை ஒரு தாழ்ந்த பலகைதான். அருவாமனையைக் காலால் அழுத்திக் குந்தியபடியே வஞ்சிரத்தைத் துண்டு போடுகிறார். எழும்போது இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக்கொள்கிறார். கேட்டால், "மூட்டு தேஞ்சு போச்சுப்பா" என்கிறார். டாக்டர்கள் வாயிலும் அதே சொல்தான்: தேய்மானம்.

ஆனால் குருத்தெலும்பு டயர் அல்ல. அதற்குள் இருக்கும் செல்கள் அளவான சுமையில் தம்மைச் சுற்றியுள்ள வலையைப் பேணுகின்றன. சுமை மிஞ்சினாலோ, இன்டர்லியூகின்-1 போன்ற அழற்சிச் சமிக்ஞை வந்தாலோ, அந்த வலையை அரிக்கும் நொதிகளைத் தாமே சுரக்கின்றன. உயிருள்ள முழங்காலுக்குள் இதை உட்கார்ந்து பார்க்க வழியில்லை. அங்கேதான் கணினி மாதிரிகள் கைகொடுக்கின்றன. 1980-ல் ஆய்வாளர் வான் மௌவின் குழு குருத்தெலும்பை நீரும் திடவலையும் சேர்ந்த பொருளாகக் கணக்கிட்டது: சுமையை முதலில் நீர் தாங்குகிறது, நீர் மெல்லக் கசியக் கசிய வலை ஏற்கிறது. 2000-ல் கிலாக் என்ற ஆய்வாளரும் மௌவும் அதற்குள் ஒரு தனிச் செல்லை வைத்து, அதன்மேல் விழும் அழுத்தத்தைக் கணக்கிட்டார்கள். மூட்டின் மேல் விழும் எடைக்கும் செல்லின் நடத்தைக்கும் இடையே பாலம் போட்டதே இத்துறையின் பலம்.

பலவீனம் பாலத்தின் இரு கரைகளிலும் இருக்கிறது. செல்லின் பக்கம், எண்கள் பெரும்பாலும் மாட்டுக் குருத்தெலும்பிலும் ஆய்வகத் தட்டிலும் சில நாட்களில் எடுத்தவை. அவற்றைக்கொண்டு இருபது ஆண்டில் வளரும் மூட்டுவாதத்தை ஊகிக்கிறோம். சுமையின் பக்கம், கணினிக்குள் போவது பெரும்பாலும் சமதரையில் நடக்கும் முழங்கால். மாதிரிகளைச் சரிபார்க்க அதிகம் எடுத்தாளப்படும் தரவுத்தொகுப்பும் 2004-ல் தொடங்கி 4,796 அமெரிக்கர்களைப் பின்தொடர்ந்தது. ஆழமாகக் குந்தும்போதோ சுமை தொடையெலும்பு முனையின் பின்பகுதிக்கு நகர்ந்துவிடுகிறது. இளவயதில் நெடுநேரம் குந்தியவர்களிடம் முழங்கால் மூட்டுவாதம் கூடுதல் என்று பீஜிங் முதியவர்களிடம் நடந்த ஆய்வு 2004-லேயே சொல்லிவிட்டது.

ஆகவே சமன்பாட்டைக் குறை சொல்வதில் பொருளில்லை; அதற்குள் போகும் முழங்கால்தான் மாற வேண்டும். குந்துவது, கூடையைத் தலையில் ஏற்றுவது, எழுவது என அந்த அம்மாவின் ஒரு காலைப்பொழுதை அளந்து உள்ளே கொடுக்கலாம். அதுவரை மாதிரி சொல்லும் பதிலை, 'நடப்பவரின் முழங்காலுக்கு மட்டும்' என்ற குறிப்போடு வாசிப்பதுதான் நேர்மை.