கோச்சே இல்லாத சாம்பியன்!

கொஞ்சம் கற்பனை பண்ணிப் பாருங்கள். 2012 ஏப்ரல், அகஸ்டா மைதானம், மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியின் கடைசி நாள். பப்பா வாட்சனும் தென்னாப்பிரிக்காவின் லூயிஸ் ஊஸ்ட்ஹைசனும் சமமாக நிற்கிறார்கள். பிளேஆஃபில் இரண்டாவது ஹோல். இடது கைக்காரர் பப்பா தன் பிங்க் கலர் டிரைவர் கிளப்பைச் சுழற்றுகிறார், பந்து வலது பக்க மரங்களுக்குள் போய் விழுகிறது! நம் ஊரில் இன்னும் விடியவில்லை. டி.வி. முன்னால் உட்கார்ந்து "போச்சு, போச்சு" என்று புலம்புகிறேன்.

ஆனால் இவர் யார்? ஃபுளோரிடாவில் பாக்டாட் என்ற சின்ன ஊர்க்காரர். எந்தக் கோச்சிடமும் ஒரு பாடம்கூடப் படித்ததில்லை என்று அவரே சொல்வார். அப்பா கெர்ரி கையில் ஒரு கிளப்பைக் கொடுத்து அடிடா என்று விட்டுவிட்டார், அவ்வளவுதான். ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்தை வீட்டைச் சுற்றிச் சுற்றி அடித்து, மூலைக்கு மூலை வளைத்து வளைத்தே பழகிய பையன் அவர்!

இப்போது மரத்தடிக்கு வாருங்கள். காலடியில் பைன் சருகு, முன்னால் கிளைகள், கொடி கண்ணுக்கே தெரியவில்லை, கிரீனுக்கு 150 கெஜத்துக்கு மேல், வேறு யாராக இருந்தாலும் பேசாமல் பந்தை வெளியே தட்டிவிட்டுப் போயிருப்பார்கள், இவரோ வெட்ஜை எடுத்து ஒரு வீசு வீசுகிறார் பாருங்கள், பந்து கிளைகளுக்குக் கீழே தாழ்ந்து பறந்து, வெளியே வந்ததும் மேலே ஏறி, சுமார் 40 கெஜம் வலது பக்கம் வளைந்து, கிரீனில் விழுந்து குழியை நோக்கி உருள, ஐயோ, நான் கத்திய கத்தலில் வீடே எழுந்துவிட்டது, எனக்கு அழுகையும் வருகிறது சிரிப்பும் வருகிறது! வீட்டு முற்றத்தில் பழகிய அதே வளைவுதான் ஐயா அது, எந்தக் கோச் இதைச் சொல்லிக் கொடுக்க முடியும்?

இரண்டே பட், பார், பட்டம்! அம்மாவின் தோளில் சாய்ந்து அந்த ஆறடி மூன்று அங்குல மனிதர் தேம்பித் தேம்பி அழுதார். அப்பா 2010-லேயே புற்றுநோயில் போய்விட்டார், இதைப் பார்க்க அவர் இல்லை.

பப்பாவுக்குச் சில வாரங்கள் ஆட்டம் கலைந்து போகும், கோபம் வரும், உண்மைதான். அதனால் என்ன? 2014-ல் அதே அகஸ்டாவில் மூன்று ஷாட் வித்தியாசத்தில் மறுபடியும் ஜெயித்தாரே! பி.ஜி.ஏ. டூரில் மொத்தம் 12 வெற்றிகள். கோல்ஃப் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அந்த ஒரு ஷாட்டை இன்றைக்கே தேடிப் பார்த்துவிடுங்கள்.