மௌனத்தின் மேல் ஓர் உரை

திரைப்பட நூற்றாண்டையொட்டி 1995-இல் திருப்பீடம் வெளியிட்ட 45 படங்களின் பட்டியலில் ஸ்டான்லி குப்ரிக்கின் '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' இடம்பெற்றது, சமயப் பிரிவில் அன்று, கலைப் பிரிவில். 65 மில்லிமீட்டர் படச்சுருளில் எடுக்கப்பட்டு 1968-இல் வெளியான இப்படைப்பு 2018-இல் 4கே ஒளித்தட்டாக இல்லங்களுக்கு வந்தது.

காட்சித் தெளிவில் நாம் குறை காண்பதற்கில்லை. விண்வெளியின் கருமை கருமையாகவே நிற்கிறது. பழைய வீடியோ நாடாக்களில் சாம்பல் பூத்துக் கிடந்த இருளன்று இது. ஆனால் அதைக் காண அறை விளக்கை அணைத்தாக வேண்டும், தொலைபேசியையுந்தான். நம் வீடுகளில் இது எளிதன்று!

தொடக்கத்தில் ஏறத்தாழ 25 நிமிடங்கள் எவரும் ஒரு சொல்லும் பேசுவதில்லை. பின்னர், விண்வெளி வீரரின் மூச்சொலி மட்டுமே கேட்கும் நெடும்பொழுதுகள். இணைப்பாகத் தரப்பட்டுள்ள உரைத்தடத்திலோ, நடிகர்கள் கெய்ர் டல்லேயும் கேரி லாக்வுட்டும் இம்மௌனத்தின் மேலும் பேசிச் செல்கின்றனர். செய்திகள் சுவையானவையே, எனினும் நற்கருணை ஆராதனையின்போது பின்வரிசையில் எழும் பேச்சைப்போல் அது நம்மை உறுத்தியது. 1966-இல் பதிவான குப்ரிக்கின் ஒலி நேர்காணலைக் கேட்பதே மேல்.

முதற்காட்சிக்குப்பின் அவரே வெட்டிய ஏறத்தாழ 19 நிமிடங்கள் இத்தட்டில் இல்லை. அவர் வேண்டாமென விட்டதைத் தோண்டியெடுத்துக் காட்டாத அந்த அடக்கம் நமக்குப் பிடித்திருந்தது.