கொள்ளைநோய்க் காலத்துச் சொற்கள்

கொள்ளைநோய் மனித உயிர்களைக் கொண்டுபோவதோடு நின்றுவிடுவதில்லை. மொழியிலே சில சொற்களையும் விட்டுச் செல்கின்றது. யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் வழங்கும் ‘கோதாரி’ என்னும் வசைமொழி முற்காலத்து வாந்திபேதியின் எச்சமாகும். ‘கோதாரியிலை போவான்’ என்று திட்டுபவருக்கு அந்நோயின் நினைவு இல்லை. சொல் மாத்திரம் நிலைத்துவிட்டது. 2020ஆம் ஆண்டில் எம்மை வந்தடைந்த கொரோனாத் தொற்றும் ஒரு சொற்றொகுதியை எம்மிடம் விட்டுச் சென்றுள்ளது. சமூக இடைவெளி, தனிமைப்படுத்தல், கொத்தணி, சுகாதார நடைமுறை என்பன அவற்றுட் சில. கோதாரி மக்கள் வாயிற் பிறந்த சொல். இவையோ சுற்றறிக்கையிலும் வானொலி அறிவித்தலிலும் பிறந்தவை. ஆதலின் இவற்றைப் பிறப்பித்தோரின் நோக்கு இவற்றிலே படிந்திருப்பது இயல்பே.

அக்காலத்தில் வெளிவந்த கவிதைகளையும் சிறுகதைகளையும் ஒருசேர வைத்துப் படிக்கும்போது, எமது எழுத்தாளருட் பலர் இச்சொற்களை எவ்வித ஆராய்வுமின்றி ஏற்றுக்கொண்டமை புலனாகின்றது. முகக்கவசம் அணியாதவனை நையாண்டி செய்தார்கள். கடைவாசலில் முண்டியடித்தவளைக் கண்டித்தார்கள். ‘வீட்டிலிரு’ என்று நூறு விதமாகப் பாடினார்கள். முகக்கவசமும் கைகழுவுதலும் வீண் என்பது எமது வாதமன்று. அவை உயிர் காத்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆட்சியாளர் தாம் செய்யவேண்டியிருந்தவற்றை மக்களின் ‘நடத்தை’ என்ற ஒரு சொல்லுக்குள் மடித்து வைத்தபோது, எழுத்தாளர் அம்மடிப்பைப் பிரித்துப் பார்த்திருக்க வேண்டாமா என்பதே எமது வினா.

‘சமூக இடைவெளி’ என்ற தொடரையே எடுத்துக்கொள்வோம். வேண்டப்பட்டது உடலுக்கும் உடலுக்குமிடையே ஒரு மீற்றர் தூரம். இச்சொல் பொருத்தமற்றது என்பதை உணர்ந்து, உலக சுகாதார நிறுவனத்தினர் 2020 மார்ச்சிலேயே ‘உடல்சார்ந்த இடைவெளி’ என்ற பொருள்படப் பேசத் தலைப்பட்டனர். தமிழிலே அதற்கு இன்னும் வலுவான காரணம் இருந்தது. சமூக இடைவெளி என்பது எமக்குப் புதிய பொருளா? தேநீர்க் கடையில் வேறு குவளை, கோவிலுக்கு வெளியே வேறு எல்லை, கிணற்றடியில் வேறு நியாயம் என்று தலைமுறை தலைமுறையாக யாழ்ப்பாணச் சமுதாயம் கட்டிக்காத்தது அந்த இடைவெளியைத்தான். 1966 ஒக்டோபரில் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் புறப்பட்டதும், 1968இல் மாவிட்டபுரத்திலே ஆலயப் பிரவேசப் போராட்டம் நிகழ்ந்ததும் அதனை ஒழிப்பதற்கே. ‘சமூக இடைவெளியைப் பேணுக’ என்ற வாசகம் அதே ஊர்களின் மதில்களில் ஒட்டப்பட்டபோது, தமிழ் கற்ற எம்மவருக்கு அது நெருடாமற் போனது வியப்பே. நாம் பாடஞ் சொல்லும் வகுப்பில் ஒரு மாணவி, “இதைப் பேணவா, ஒழிக்கவா சேர்?” என்று கேட்டாள். நாம் படித்த கவிதைகள் எவற்றிலும் அக்கேள்வி இல்லை.

அடுத்து வந்தவை போர்ச்சொற்கள். நோய் ‘கண்ணுக்குத் தெரியாத எதிரி’யாயிற்று. எதிரி என்றால் படை வேண்டும். கொவிட் தடுப்புக்கான தேசியச் செயற்பாட்டு நிலையத்தின் தலைமை இராணுவத் தளபதியிடம் ஒப்படைக்கப்பட்டது. 2020 மார்ச் 2ஆம் நாள் கலைக்கப்பட்ட பாராளுமன்றம் ஓகஸ்ட் தேர்தல் முடியும்வரை கூடவேயில்லை. மார்ச் 20இல் நாடளாவிய ஊரடங்கு பிறந்தது. மே மாத முடிவுக்குள் அதனை மீறியமைக்காகக் கைதானோர் தொகை 60,000ஐத் தாண்டியது. அன்றாடம் உழைத்து அன்றாடம் உண்பவன் வீதிக்கு வந்தமை ஒழுங்கீனமாகக் கணிக்கப்பட்டது. 5,000 ரூபா கொடுப்பனவு ஒரு குடும்பத்தின் அடுப்பை எத்தனை நாள் எரியவைக்கும் என்று கணித்தவர் யார்? மே 21ஆம் நாள் கொழும்பு மாளிகாவத்தையில், தனியார் ஒருவர் நோன்புகாலக் கொடையாக வழங்கிய பணத்தைப் பெறத் திரண்ட கூட்டத்தில் மூன்று பெண்கள் நெரிபட்டு இறந்தனர். அவர்களின் ‘நடத்தை’யை எந்தச் சுகாதார நடைமுறையால் அளப்பது?

‘தனிமைப்படுத்தல்’ என்ற சொல்லின் வரலாறு இன்னும் நீண்டது. அதற்கு அடிப்படையான கட்டளைச் சட்டம் 1897ஆம் ஆண்டுக்குரியது. தோட்டங்களுக்கென அழைத்துவரப்பட்ட தென்னிந்தியத் தொழிலாளரை மண்டபம் முகாமில் தடுத்துவைத்துச் சோதித்து அனுப்பிய குடியேற்ற ஆட்சியின் மனப்பாங்கு அச்சட்டத்தோடு உடன்பிறந்ததாகும். அக்கருவி எக்கைக்கும் இயைந்தது என்பதை 2021 ஜூலையில் ஆசிரியராகிய நாம் நேரிலே கண்டோம். கொத்தலாவலை பாதுகாப்புப் பல்கலைக்கழகச் சட்டமூலத்தை எதிர்த்து ஆர்ப்பாட்டஞ் செய்தோர் கைதாகினர். அவர்களுள் இலங்கை ஆசிரியர் சங்கத்தின் பொதுச் செயலாளரும் ஒருவர். நீதிமன்றம் பிணை வழங்கியது. பிணை பெற்று வெளிவந்தோர் வீடு செல்லவில்லை. ‘தனிமைப்படுத்தல்’ என்ற பெயரில் முல்லைத்தீவுக் கேப்பாப்பிலவு முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். நீதிபதி திறந்த கதவைச் சுகாதாரச் சொல் ஒன்று பூட்டிற்று.

மக்கள் அறிவிலிகள், அதனாற்றான் அதட்டல் வேண்டியிருந்தது என்று சிலர் வாதிப்பர். அவ்வாறாயின் 2020 டிசம்பரில் நிகழ்ந்ததற்கு என்ன விளக்கம்? கேகாலையில் ஒருவர் காய்ச்சிய பாணியை வாங்க ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்துத் திரண்டனர். அப்பாணியைப் பலரறியப் பருகிக் காட்டியவர் சுகாதார அமைச்சரேயாவார். அடுத்த மாதம் அவரையும் தொற்று பீடித்தது. பிழையான நடத்தையை மக்கள் எங்கிருந்து கற்றனர்?

இதனினும் கொடியது உடல் எரிப்பு விவகாரம். புதைத்தலும் எரித்தலும் இரண்டும் ஏற்புடையவை என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே வழிகாட்டியிருந்தது. எனினும் ஏப்ரல் 11ஆம் நாள் வர்த்தமானி மூலம் எரித்தல் கட்டாயமாக்கப்பட்டது. முஸ்லிம் மக்களின் வேண்டுகோள்கள் புறந்தள்ளப்பட்டன. பிறந்து இருபது நாளேயான சிசுவின் உடலும் டிசம்பரில் எரிக்கப்பட்டது. பொரளை மயானத்து வாயிற் கம்பிகளில் மக்கள் வெண்துணிக் கீற்றுகளைக் கட்டிச் சென்றனர். 2021 பெப்ரவரி இறுதியிலேதான் அக்கட்டளை நீக்கப்பட்டு, ஓட்டமாவடியில் இடம் ஒதுக்கப்பட்டது. அமைச்சரவை மன்னிப்புக் கோருவதற்கு 2024 ஜூலை வரவேண்டியிருந்தது. இதனை மத உணர்ச்சிப் பிரச்சினை என்று ஒதுக்குவோர் சுகாதாரத்தையே அறியாதார். மருத்துவமனையில் இறந்தால் தந்தையின் உடலும் தமக்குக் கிட்டாது என்று அஞ்சும் குடும்பத்திடம், காய்ச்சல் கண்டதும் வந்து பதிவு செய்யுமாறு எந்த வாயால் கேட்பது? ஒரு சமூகத்தின் நம்பிக்கையை உடைத்துவிட்டு அதன் ஒத்துழைப்பை எதிர்பார்த்தார்கள்.

நம்பிக்கை இருந்த இடத்தில் நடந்ததோ வேறு. 2021இல் தடுப்பூசி வந்தபோது, அதட்டுவார் தேவைப்படவில்லை. முதியோரும் இளைஞரும் விடியற்காலை தொட்டு வரிசையில் நின்றனர். இதற்கான விதை 1926இல் களுத்துறையில் அமைக்கப்பட்ட முதலாவது சுகாதாரப் பிரிவிலே ஊன்றப்பட்டது. அன்று முதல் வீடு வீடாக நடந்த மருத்துவ மாதரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் மூன்று தலைமுறைகளாக ஈட்டிய நற்பெயரே அவ்வரிசைகளை உண்டாக்கிற்று. செயற்பாட்டு நிலையங்களுக்கு அதில் உரிமையில்லை.

1934-35ஆம் ஆண்டு மலேரியாவை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும். மழை பொய்த்து ஆறுகள் வற்றிக் குட்டைகளாகித் தேங்கியதால் நுளம்பு பெருகி, கேகாலை, குருநாகல் பகுதிகளில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். சூரியமல் இயக்கத்து இளைஞர் கொயினாவோடு மாத்திரம் செல்லவில்லை, எஸ். ஏ. விக்கிரமசிங்க போன்றோர் நோயின் பின்னே பட்டினி நிற்பதைக் கண்டனர். பருப்பு மூட்டையோடு சென்ற என். எம். பெரேராவுக்குக் கிராமத்தவர் இட்ட பெயர் ‘பருப்பு மகாத்தயா’. நோயாளியைத் திருத்த முனையாது அவன் பானையைப் பார்த்தவர்களுக்கு மக்கள் சூட்டிய அப்பெயரை, எந்தச் சுற்றறிக்கைச் சொல்லோடும் ஒப்பிட எமக்கு மனம் வரவில்லை.

இனி, ‘நிலைபேறான அபிவிருத்தி’. இதற்கென 2017ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டமே எம்மிடம் உண்டு. 2021 மே மாதத்தில், தொற்றுக்கு நடுவே, விவசாயியின் கருத்தைக் கேளாது, ஓரிரவில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது பேசப்பட்டதும் இயற்கையின் நன்மையே. கையிருப்பில் அந்நியச் செலாவணி அருகிவந்தமை அப்பேச்சில் இடம்பெறவில்லை. நெல் விளைச்சல் வீழ்ந்தது. நவம்பரில் தடை நீக்கப்பட்டது. இயற்கைப் பசளை தீதன்று. உழுபவனை உசாவாமல் நிலைபேறு வாராது.

எமது கவிஞருக்கும் இதில் ஒரு பங்குண்டு. ஊரடங்கு நாட்களில் வானம் தெளிந்ததையும் பறவைகள் திரும்பியதையும் கண்டு, பூமி தன்னைத் தானே குணமாக்குகின்றது என்று பாடாதவர் அரிது. தம் வீட்டு மாடத்திலிருந்து பார்த்த காட்சி அது. அதே நாட்களில் தேயிலைத் தோட்டங்களுக்கு ஊரடங்கிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில், ஒரே தண்ணீர்க் குழாயைப் பல குடும்பங்கள் பங்கிடும் லயத்திலிருந்து புறப்பட்டு, பெண்கள் மலையேறிக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தனர். ‘வீட்டிலிரு’ என்ற பாட்டிலும் அவர்கள் இல்லை. பூமி குணமடைந்த பாட்டிலும் இல்லை. நாள் ஒன்றுக்கு ஆயிரம் ரூபா என்ற அவர்களது பல்லாண்டுக் கோரிக்கை 2021 மார்ச்சிலேதான் வர்த்தமானியில் ஏறிற்று.