மாநிலச் சங்கங்களின் கையில் சாவி

அமெரிக்க நர்சுகள் சங்கத்தின் கதையை 1896-இல் தொடங்குவது வழக்கம். பயிற்சிப் பள்ளிகளின் பழைய மாணவியர் சங்கங்கள் ஒன்றுகூடிய ஆண்டு அது. ஆனால் அந்தச் சங்கத்தை எடைபோட 1916-தான் சரியான ஆண்டு. பழைய மாணவியர் சங்கம் வழியாகச் சேரும் முறை அப்போது மாறியது. மாநிலச் சங்கத்தில் உறுப்பினரானால்தான் தேசியச் சங்கத்தில் இடம் என்றானது.

இந்த ஏற்பாட்டுக்கு நியாயம் இருந்தது. அந்நாட்டில் தொழில் உரிமச் சட்டம் மாநிலங்களின் அதிகாரம். 1903-இல் வட கரோலினா முதல் பதிவுச் சட்டத்தை இயற்றியது. 1923-க்குள் எல்லா மாநிலங்களும் இயற்றிவிட்டன. பெண்களுக்கு நாடு முழுவதும் வாக்குரிமை வந்ததே 1920-இல்தான். அதற்கு முன்பே, பெரும்பாலும் வாக்கில்லாத பெண்கள் சட்டமன்றப் படியேறி இவற்றில் பெரும்பாலான சட்டங்களை வாங்கியிருக்கிறார்கள். அதை எந்தக் குறையும் அழித்துவிடாது.

குறையும் அதே அமைப்பிலிருந்துதான் பிறந்தது. தெற்கு மாநிலச் சங்கங்கள் கறுப்பின நர்சுகளைச் சேர்ப்பதில்லை. ஆகவே தேசியச் சங்கத்தின் கதவும் அவர்களுக்குத் தானாக மூடிக்கொண்டது. தேசிய விதிகளில் நிறத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. பழியை மாநிலங்கள் சுமக்க, தலைமை கை கழுவிக்கொள்ள முடிந்தது. இழப்பு கௌரவத்தோடு நிற்கவில்லை. ராணுவம் செஞ்சிலுவைச் சங்கம் மூலம் நர்சுகளை எடுத்தது. செஞ்சிலுவையோ இந்தச் சங்க உறுப்பினர்களையே பதிவு செய்தது. முதல் உலகப் போர் ஓய்ந்தபின், இன்ஃப்ளூயன்சா வாட்டிய 1918 டிசம்பரில்தான் 18 கறுப்பின நர்சுகள் ராணுவப் பணியில் சேர்க்கப்பட்டார்கள்.

மார்த்தா ஃப்ராங்க்ளின் முயற்சியில் 1908-இல் நியூயார்க்கில் 52 பேர் கூடித் தொடங்கிய கறுப்பின நர்சுகளின் தேசியச் சங்கம் இந்த மூடிய கதவைத் தட்டிக்கொண்டே இருந்தது. 1934-இல் அதன் செயலாளர் பொறுப்பேற்ற மேபல் ஸ்டாப்பர்ஸ் சமயம் பார்த்து அடிப்பவர். 1945 ஜனவரியில் நர்சுப் பற்றாக்குறை, கட்டாயமாக ஆளெடுக்க வேண்டும் என்று ராணுவ மருத்துவத் தலைவர் பேசியபோது, அவ்வளவு தேவையென்றால் கறுப்பின நர்சுகளை ஏன் எடுப்பதில்லை என்று ஸ்டாப்பர்ஸ் எழுந்து கேட்டார். நிறத் தடை அம்மாதமே விழுந்தது.

1948-இல் அமெரிக்கச் சங்கம், மாநிலம் மறுத்தவர்கள் நேரடியாகச் சேரலாம் என்று ஒரு வழி திறந்தது. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு, ஆனால் மறுத்த மாநிலத்தை அது ஒன்றும் செய்யவில்லை. அதை நம்பி 1951-இல் கறுப்பினச் சங்கம் தன்னையே கலைத்துக்கொண்டது அவசரம் என்றே நினைக்கிறேன். இருபது ஆண்டில், 1971-இல், இன்னொரு கறுப்பின நர்சுகள் சங்கத்தைப் புதிதாகத் தொடங்க வேண்டியதாயிற்று. 2022-இல் அமெரிக்கச் சங்கம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டபோது, தான் ஒதுக்கிவைத்த காலத்தை 1916 முதல் 1964 வரை என்று கணக்கிட்டது, 1948-இல் முடித்துக்கொள்ளவில்லை.