அச்சம் தராத பேய் வீடு

அமெரிக்காவில் அக்டோபர் தோறும் திறக்கப்படும் பேய் வீடுகளையும் நாடகக் கலையாகவே மதிப்பிட வேண்டும். கலிபோர்னியாவின் நாட்ஸ் பெர்ரி பண்ணையில் 1973இல் மூன்றே இரவுகள் நடந்த நிகழ்ச்சிக்குப் பின் இது பெருந்தொழிலாக வளர்ந்தது. அடுத்தடுத்து இரு ஆண்டுகள் சென்று கண்ட ஒரு வீடோ ஏமாற்றமே அளித்தது. இரண்டு மணி நேரம் காத்திருப்பு. உள்ளே சில நிமிட நடை. வரிசை அறுபடாமல் நகர்வதால், முகமூடி நடிகர் முன்னே செல்பவர்மீது பாய்கிறார். அலறல் நம் செவிக்கு எட்டுகிறது. நாம் சேரும்போது அவர் மீண்டும் திரைக்குள் நுழைந்துகொண்டிருக்கிறார்! எதிர்பாராமை இன்றி அச்சம் ஏது? மறு ஆண்டில் சிவப்புச் சாயம் மட்டும் மிகுந்திருந்தது.

ஹாலோவீன் என்ற பெயரே சகல புனிதர் திருநாளின் முந்திய மாலையைக் குறிப்பது. அவ்வீட்டில் எலும்புக்கூடுகள் ஏராளம். இறந்தவர் என ஒருவரும் இல்லை. பெயரும் வாழ்வும் அழுவதற்கு ஓர் உறவும் இல்லாத உடலைக் கண்டு எவர் நடுங்குவார்?

ஓர் அறை மட்டும் விலக்கு. இரு தட்டுகள் வைத்த மேசையருகே ஒரு மூதாட்டி அசைவின்றி அமர்ந்திருந்தார். அங்கே சற்று நிற்கத் தோன்றியது. வரிசை நின்றுவிடும் என்று காவலர் விரட்டினார்.