வளர்த்தவரை வரைந்த கை

பிரெஞ்சு ஓவியர் ழாக்-லூயி தாவீதின் பெயரைக் கேட்டதும் 'ஹொராஷியர் சூளுரை', 'மராவின் மரணம்' ஆகிய பெரும் படைப்புகளே நம் நினைவில் எழுகின்றன. அவற்றின் நிழலில் மறைந்துபோன ஓர் எண்ணெய்வண்ண உருவப்படமும் நம் கவனத்திற்குரியது. கட்டடக்கலைஞர் ழாக்-பிரான்சுவா தெமெஸோனைத் தாவீத் 1782இல் தீட்டிய அப்படம் இன்று அமெரிக்காவின் பஃபலோ நகர அருங்காட்சியகத்தில் உள்ளது.

இதில் அமர்ந்திருப்பவர், பொருள் கொடுத்துத் தம்மை வரையச் சொன்ன யாரோ ஒரு பிரபு அல்லர். தாவீதுக்கு ஏறத்தாழ ஒன்பது வயதானபோது, அவருடைய தந்தை ஒற்றைக்கு ஒற்றைச் சண்டையில் மாண்டார். தாய்வழி உறவினரான இரு கட்டடக்கலைஞர்கள் சிறுவனை வளர்த்தனர். அவர்களுள் ஒருவர் தெமெஸோன். பிள்ளை தம் தொழிலையே ஏற்க வேண்டுமென அவர்கள் விரும்பினர். அவனோ தூரிகையைத் தேர்ந்தான்.

தாம் மறுத்த அதே தொழிலின் வரைபடமும் கருவிகளும் அருகிருக்க, தம்மை வளர்த்தவரைத் தாவீத் அமர்த்தியிருக்கிறார். மறுத்தவர் அத்தொழிலை இகழவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. கலை நோக்கில் இது குறையற்ற படைப்பன்று. முந்திய தலைமுறையின் மென்மை இன்னும் இதில் ஒட்டியிருக்கிறது. ஆயினும், மூன்றாண்டுகளுக்குள் நிறைவுற்ற 'ஹொராஷியர் சூளுரை'யில் மூன்று வளைவுகளின் கீழ் மாந்தரை மூன்று தொகுதிகளாக நிறுத்திய கட்டுக்கோப்பு எங்கிருந்து வந்தது? ரோமாபுரியின் சிற்பங்கள் மட்டும் அதைக் கற்பிக்கவில்லை; அளவுகோல் புழங்கிய அந்த வீட்டுக்கும் அதில் பங்குண்டு என்றே நாம் கருதுகிறோம்.

இங்கே வரலாறு ஒரு கசப்பையும் சேர்க்கிறது. 1776இல் தீக்கிரையான பாரிஸ் நீதிமன்ற மாளிகையை மீண்டும் எழுப்பிய கட்டடக்கலைஞர்களுள் தெமெஸோனும் ஒருவர். 1793–94இல் அம்மாளிகை வளாகத்திலேயே புரட்சித் தீர்ப்பாயம் கூடியது. சந்தேகத்திற்குள்ளானோரை அங்கு அனுப்பிய பொதுப் பாதுகாப்புக் குழுவில் தாவீத் உறுப்பினராக இருந்தார். 1788இல் தாம் மனைவியுடன் சேர்த்து வரைந்த அறிவியலறிஞர் லவாய்சியே 1794இல் அங்கே தண்டிக்கப்பட்டுக் கொல்லப்பட்டதையும் அவர் கண்டார்.

வளர்த்தவரிடம் கற்ற அளவைத் திரையில் காத்த கை, பொதுவாழ்வில் அதைக் காக்கவில்லை. ஒரு கலைஞரின் மேன்மையை அவர் வாழ்வுக்குச் சான்றாகக் கொள்வது தவறு. வாழ்வின் பிழைக்காகக் கலையை மறுப்பதும் தவறே. நன்றி மறவாத ஓர் உள்ளம் அக்கைக்கும் ஒருகாலத்தில் இருந்தது என்பதற்குத் தெமெஸோனின் உருவம் சாட்சி.